முட்டாள்தனம் கரையில்தான் நடந்தது

கேள்வி: தொடக்க கால நீர்மூழ்கிக் கப்பல்களில் போனவர்களை வீரர்கள் என்று கொண்டாடுகிறார்களே? சாவோம் என்று தெரிந்தே ஏறியது முட்டாள்தனம் இல்லையா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: முட்டாள்தனம் நடந்தது உண்மைதான். ஆனால் அது நடந்த இடம் கரை.

ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாவரை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் கடல் முற்றுகையை உடைக்க அவர் வடிவமைத்த நீர்மூழ்கிக் கப்பல் 'பிராண்ட்டாவ்கர்'. தண்ணீர் நிரப்பிக் கீழிறங்கத் தனித் தொட்டிகள் வேண்டும் என்றார். பணம் போதாது என்று தொட்டிகளை விட்டுவிட்டார்கள், இரும்புத் தகட்டையும் மெலிதாக்கினார்கள். தண்ணீர் கப்பலின் அடித்தளத்திலேயே விடப்பட்டது. 1851 பிப்ரவரி 1, ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் சோதனை. இறங்கியதும் அந்தத் தண்ணீர் பின்பக்கம் ஓடியது, வால் கனத்தது, தகடுகள் நெளிந்தன, கப்பல் கடலடியில் போய் உட்கார்ந்தது. உள்ளே மூன்று பேர். வெளியே இருந்த அழுத்தத்தில் மூடியை அசைக்கவே முடியவில்லை. "இன்னும் தண்ணீரை உள்ளே விடுவோம்" என்றார் பாவர். தண்ணீர் ஏற ஏற மிச்சக் காற்று இறுகும், உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானால் மூடி திறக்கும். கூட இருந்தவர்களைச் சம்மதிக்க வைத்து, மணிக்கணக்கில் காத்திருந்து, மூவரும் உயிரோடு மேலே வந்தார்கள். இவரா முட்டாள்?

அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போரின் 'ஹன்லி'. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கப்பல் அது. அந்த நோக்கத்தின்மேல் எனக்குத் துளியும் அனுதாபம் இல்லை. ஏழு பேர் குனிந்து உட்கார்ந்து கையால் உந்துவிசிறியின் தண்டைச் சுற்ற, ஒருவர் ஓட்டுவார். இதில் தொட்டிகள் இருந்தன, ஆனால் மேல்பக்கம் திறந்தபடி! வால்வை மூடத் தவறினால் தண்ணீர் வழிந்து ஆட்கள்மேல் பாயும். 1863 ஆகஸ்டில் மேல்மூடிகள் திறந்திருந்தபோதே மூழ்கி ஐந்து பேர் இறந்தார்கள். அக்டோபரில் முன்பக்க வால்வு மூடப்படாமல் எட்டுப் பேர். அவர்களில் கப்பலுக்குப் பணம் போட்ட ஹன்லியும் ஒருவர். தென் தரப்புத் தளபதி போரிகார்ட் முதலில் போதும் என்றார், அப்புறம், நீருக்கடியில் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே வட மாநிலங்களின் ஹவுசடோனிக் போர்க்கப்பலை ஹன்லி வெடி வைத்து மூழ்கடித்தது. போரில் நீர்மூழ்கி ஒன்று கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் முறை. அந்த எட்டுப் பேரும் திரும்பவில்லை.

எதிரித் தரப்பில் ஐந்து உயிர், சொந்தத் தரப்பில் மொத்தம் 21. இரண்டு முறை பிணங்களை வெளியே எடுத்த பிறகும், அதே திறந்த தொட்டிகளோடு மூன்றாம் முறை அனுப்பினார்களே, அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி இது.