முதல் மாதக் கோவிட் தடுப்பூசிக் கணக்கில் 5.4% என்ற எண் எதைக் காட்டுகிறது?

அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி வந்த முதல் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டவர்களுள் கருப்பினத்தவர் 5.4%, மக்கள்தொகையிலோ ஏறத்தாழ 12% என்பதை வைத்து அவர்கள் ஊசியை மறுத்தார்கள் என்ற முடிவுக்கு வர முடியாது.

முதல் காரணம் வகுத்தியில், அதாவது எந்தத் தொகையோடு ஒப்பிடுகிறோம் என்பதில், இருக்கலாம். இந்தக் கணக்கு எடுத்துக்கொண்ட 2020 டிசம்பர் 14 முதல் 2021 ஜனவரி 14 வரையிலான மாதத்தில், பெரும்பாலும் மருத்துவப் பணியாளர்களுக்கும் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்குமே ஊசி கிடைத்தது என்பதால், முழு மக்கள்தொகையோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.29 கோடிப் பேரில் பாதிப் பேருக்கு இன விவரமே பதிவாகவில்லை, 5.4% என்பது விவரம் தெரிந்த 52 விழுக்காட்டினருக்குள் எடுத்த பங்கு. விடுபட்டவர்களில் எத்தனை பேர் கருப்பினத்தவராக இருந்தால் மொத்தம் 12% ஆகும் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 19% வரும். அது நடக்கக்கூடியதா என்பதை மாநில வாரியாகப் பார்ப்பதே நல்லது (எனக்கு ஐயம்தான்).

ஆனால் இடைவெளியே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இணைய முன்பதிவும் மையத்தின் தொலைவும் விடுப்பில்லாத வேலையும்கூட, தயக்கம் சற்றும் இல்லாதவரையும் ஊசியிலிருந்து விலக்கிவைக்கும். இந்தப் புள்ளிவிவரம் அவற்றைப் பிரித்துக் காட்டாது.