இங்கிலாந்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு போகிறேன். பிளேஸ்மென்ட் இயருக்கு எப்போது, எப்படித் தயாராவது?

இரண்டாம் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் நடுவே 9 முதல் 12 மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பதுதான் பிளேஸ்மென்ட் இயர். பலரும் கோட்டைவிடுவது நேரத்தில்தான். வேலை தொடங்குவது அடுத்த கோடையில் என்றாலும், பெரிய நிறுவனங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடும். இடம் நிரம்பினால் கடைசித் தேதிக்கு முன்பே மூடிவிடுவதும் உண்டு. அதனால் சிவியை (தன்விவரக் குறிப்பை) இந்த விடுமுறையிலேயே எழுதிவிடுங்கள்.

அதில் "குழுவாகச் செயல்படுவேன்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மனதில் நிற்காது. "நான்கு பேர் சேர்ந்து நூலக ஆப் செய்தோம், தேடல் பகுதி என்னுடையது, மெதுவாக இருந்ததை இன்டெக்ஸ் போட்டு வேகமாக்கினேன்" என்று எழுதிப் பாருங்கள். நேர்காணலிலும் இதே கதைதான் கைகொடுக்கும். கடையில் பகுதிநேரமாக பில் போட்டதையும் விட்டுவிடாதீர்கள். கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தது நிஜமான அனுபவம்.

அப்புறம், மாணவர் விசாவில் இருந்தால் பிளேஸ்மென்ட் உங்கள் படிப்பின் பகுதியாகவே இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழக விசா ஆலோசகரை ஒருமுறை பாருங்கள். அப்படியே பல்கலைக்கழகத்தில் வேலை தேட வழிகாட்டும் கேரியர் பிரிவில் மாதிரி நேர்காணலுக்கும் நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். அக்டோபரில் அங்கே கூட்டம் அலைமோதும்.