செல்ஃப் அடிச்சா போர்டு ஏன் அணையுது? - வண்டி வயரிங் கேள்வி பதில்

பெருந்துறையில் 31 வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அப்பாவின் காரில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருக்கிறேன். பாட்டு, ஜிபிஎஸ், முன்பக்கக் கேமரா மூன்றும் ஓடுகின்றன. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர் போட்டுத்தான் கரண்ட். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் போர்டு அணைந்து மறுபடி எழுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று மெமரி கார்டு போய்விட்டது. சார்ஜரையும் மூன்று தடவை மாற்றிவிட்டேன். எங்கே தவறு?
*டிப்ளமோ மாணவர், காங்கேயம்*

தம்பி, சார்ஜர் கடைக்காரருக்கு நல்ல யாவாரம் குடுத்திருக்கீங்க. கோளாறு சார்ஜர்ல இல்லீங்க, சாவியில.

சாவியை ஒவ்வொரு கட்டமா திருப்பிப் பாருங்க. முதல்ல ஏசிசி, அதாவது அக்சசரி. அங்கதான் பாட்டுப்பெட்டிக்கும் சாக்கெட்டுக்கும் உயிர் வரும். அடுத்தது இக்னிஷன். கடைசிக் கட்டம் ஸ்டார்ட். முக்காவாசி வண்டிகள்ல அந்தக் கடைசிக் கட்டத்துல ஏசிசி லைனையே சாவி வெட்டி விட்டுரும், இருக்கிற கரண்ட் எல்லாம் செல்ஃப் மோட்டாருக்குப் போகட்டும்னு. செல்ஃப் அடிக்கையில பாட்டு சித்த நேரம் நின்னு மறுபடி பாடும், கவனிச்சிருப்பீங்க. பாட்டுப்பெட்டிக்கு அது ஒரு விக்கல். பை போர்டுக்கோ, ஓடுற கம்ப்யூட்டருக்கு வயரைப் புடுங்குன கதை. கார்டுல எழுதிட்டிருக்கும்போது அப்படிப் புடுங்குனா கார்டு கெடாம என்ன செய்யும்? முப்பதாயிரம் ரூபாய்க்கு சார்ஜர் வாங்குனாலும் இதே கதிதான்.

அதனால பேட்டரியில இருந்து நேரா வர்ற கான்ஸ்டன்ட் லைன்ல கரண்ட் எடுங்க. ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்துலயே வைங்க, போர்டுக்குப் பக்கத்துல வச்சு பிரயோசனமில்ல. நடுவுல வயர் உரசி பாடியில பட்டா எரியப் போறது வயர்தான். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேணும். 12 வோல்ட்டை 5 ஆக்குற கன்வெர்ட்டர், வண்டிக்குன்னு செஞ்சதா, 8 வோல்ட்டுக்கு இறங்குனாலும் தாங்குறதா பார்த்து வாங்குங்க. மல்ட்டிமீட்டரை பேட்டரியில வச்சுட்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொன்னா தெரியும்: சும்மா நிக்கையில 12.6 காட்டுறது, செல்ஃப் அடிக்கையில பத்துக்கும் கீழ போகும், வண்டி ஓடுனா 14-க்கு ஏறும். ஓடிட்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூஸாச்சுன்னா ஆல்டர்னேட்டர் ஒரு கணம் பல பத்து வோல்ட் அடிச்சு விட்டுரும். மொபைல் சார்ஜருக்குன்னு விக்கிற மலிவு போர்டு அதுக்குத் தாங்காது.

கான்ஸ்டன்ட்ல எடுத்தா அடுத்த வம்பு வரும். நானே பட்டவன். என் வேன்ல இப்படித்தான் மாட்டிட்டு, அணைக்காமயே அமத்தா ஊருக்குக் கெடாவெட்டுக்குப் போயிட்டேன். நாலு நாள் வண்டி வேப்பமரத்தடியில நின்னுது. கிளம்பறப்போ சாவி திருப்புனா 'டிக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரே கூடி நிக்க, எலக்ட்ரீஷியன் வண்டியை மாமனும் மச்சானும் தள்ளுனாங்க. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பை 4 சும்மா இருந்தாலே 3 வாட் கிட்ட திங்கும். 12 வோல்ட்டுல அது கால் ஆம்பியர், நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர். நாலு நாளைக்கு 24. என் பேட்டரியே 35 ஆம்பியர் ஹவர், அதுவும் கெழடு.

ஆக ரெண்டும் வேணும்: சாவி வெட்டுனாலும் கரண்ட் இருக்கணும், வண்டியை விட்டுப் போனா முழுசா போயிரணும். நான் இப்போ மாட்டுறது ஆஃப்-டிலே டைமர் ரிலே. ஏசிசி வந்ததும் கான்ஸ்டன்ட் லைனை பை போர்டுக்குத் திறந்து விடும், ஏசிசி போன பிறகும் 90 விநாடி புடிச்சு வச்சிருக்கும். செல்ஃப் அடிக்கிற மூணு விநாடி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இன்னொரு வயர் ஏசிசியில இருந்து பையோட ஜிபிஐஓ பின்னுக்கு, அதாவது வெளி சிக்னல் வாங்குற பின்னுக்கு. நேரா குடுத்துராதீங்க தம்பி! அந்தப் பின்னு 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது, 12 வோல்ட் பட்டா போர்டு சாம்பல்தான். நடுவுல பிசி817 ஆப்டோகப்ளரும் (வயர் தொடாம வெளிச்சத்துல சிக்னல் கடத்துற சின்ன சிப்), அதோட எல்இடி பக்கம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போடுங்க. ஏசிசி 30 விநாடி தொடர்ந்து இல்லைன்னா ஷட்டவுன் பண்ணுன்னு பைத்தான் புரோகிராம்ல பத்து வரி எழுதுனா போதும். பை நிம்மதியா படுத்த பிறகுதான் ரிலே விழும். இதுல ஒரு இடைஞ்சல் இருக்கு: டீக்கடையில நிறுத்தி 40 விநாடியில திரும்பி வந்து சாவி போட்டா, படுத்த பை எந்திரிக்காது. சாவியை எடுத்துட்டு ஒன்றரை நிமிசம் பொறுத்துத் திருப்பிப் போடணும். டீயை நிதானமா குடிங்க.

பையோட செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு விட்டா கார்டுல எதுவும் எழுதாது. கேமரா படத்தைத் தனி பென்டிரைவ்ல சேருங்க. எல்லாம் முடிச்சிட்டு ஒரு வாரம் ஓட்டி, வண்டியை அணைக்கறதுக்கு முன்னாடி பையில 'vcgencmd get_throttled'-னு கமாண்ட் அடிச்சுப் பாருங்க. 0x0-ன்னு வந்தா கரண்ட் சுத்தம். 0x50000-ன்னு வந்தா வழியில எங்கயோ வோல்ட் இறங்கியிருக்கு, முதல்ல யுஎஸ்பி வயரைச் சந்தேகப்படுங்க.

வாரம் இருமுறை திம்பம் ஏறி தாளவாடி போகிறேன். இன்ஜின் சூடு காட்டும் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. உண்மையான டிகிரியை பை மூலம் பார்க்க முடியுமா?
*பள்ளி ஆசிரியை, சத்தியமங்கலம்*

பாக்கலாமுங்க டீச்சர். சந்தேகமும் சரிதான். பல வண்டிகள்ல கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் முள் நடுவுலயே நிக்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க.

ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும், மெக்கானிக் வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற இடம். ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரை அதுல சொருகி, பையில அதைப் படிக்கிற பைத்தான்-ஓபிடி சாஃப்ட்வேரைப் போடுங்க. கூலன்ட் சூட்டைக் கேக்குற எண் 05. வர்ற பதில்ல 40 கழிச்சா டிகிரி. ஹெக்ஸ் எண்ணா 7பி-ன்னு வந்தா, நம்ம கணக்குல அது 123, கழிச்சா 83. பைத்தான்-ஓபிடி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கும். 27 கொண்டை ஊசி வளைவு ஏறையில 100 தொட்டாலும் பதற வேண்டாம், அழுத்தத்துல இருக்கிற கூலன்ட் அங்க கொதிக்காது. 110 தாண்டி இன்னும் ஏறிட்டே போனா ஏசியை அணைச்சு, அகலமான இடத்துல ஓரங்கட்டுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. அந்தச் சாக்கெட்டுல 16-வது பின்னுக்கு எப்பவும் கரண்ட் உண்டு, லீவுக்கு வண்டியை நிறுத்துறப்போ அடாப்டரைக் கழட்டிருங்க.

பையும் ரிலேயும் வைத்து, வீட்டுக்குள்ளிருந்தே போனில் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.
*ஈரோட்டு வாசகர்*

வேண்டாமுங்க. கியர்ல விட்டுட்டுப் போயிருந்தா வண்டி ஒரு குதி குதிக்கும், முன்னாடி திண்ணையில யார் உக்காந்திருக்காங்கன்னு போனுக்குத் தெரியாது. இதை மட்டும் எத்தனை பணம் குடுத்தாலும் நான் மாட்டித் தர்றதில்ல.

மதிய வெயிலில் நின்ற காரில் பை மெதுவாகிவிடுகிறது. கேமரா படத்தில் தேதியும் தப்பு.
*தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி*

கண்ணாடிக்கடியில டேஷ்போர்டு மேல வச்சிருப்பீங்க. சிப் 80 டிகிரி தொட்டா பை தானே வேகத்தைக் குறைச்சுக்கும். சீட்டுக்கடிக்கு மாத்தி, சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் தகடு ஒட்டுங்க. நிழல்ல நிறுத்துங்கன்னு சொல்லலாம், ஆனா உங்க ஊர்ல நிழல்னா தென்னைமரம், காய் விழுந்தா கண்ணாடிக்கு யார் பதில் சொல்றது?

தேதிக்குக் காரணம், பை 4-ல கடிகாரம் கிடையாது. நெட் கிடைக்கிற வரைக்கும் போன தடவை அணைஞ்ச நேரத்துல இருந்துதான் எண்ணும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு, நாலே வயர். மாட்டிட்டு ஒரு தடவை நேரம் வச்சு விட்டா போதுமுங்க.