டொர்னாடோ என்ற சுழற்காற்று அடித்த ஊரில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேட்டவர் கூடவே இன்னும் இரண்டு விஷயங்களையும் கேட்டிருக்கிறார். முதல் நாள் 90 என்றவர்கள் மறுநாள் 24 என்கிறார்களே, அரசாங்கம் உண்மையை மறைக்கிறதா? இத்தனை கோடி டாலர் சேதம் என்று அவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொல்கிறார்கள்? நான் பார்ப்பது பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு வேலை. இந்த எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் வரும் எண்ணை மதிப்பீடு என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அது மதிப்பீடே இல்லை. அந்த மணி வரைக்கும் யார் யாரோ சொன்னதை ஒருவர் கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான். வெள்ளம், நிலநடுக்கம் என்றால் இந்த எண் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். டொர்னாடோவில் இறங்குவதும் உண்டு. பாதிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் சில நூறு மீட்டரிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் வரை அகலமுள்ள ஒரு பட்டை; அந்தப் பட்டைக்குள் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், பக்கத்து ஊர்க்காரர்கள் என எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். இடிபாட்டில் ஓர் உடலைப் பார்த்தவர் ஒன்று என்று வயர்லெஸ்ஸில் சொல்வார். அதை வண்டியில் ஏற்றியவரும் ஒன்று என்பார். பிணவறையில் வாங்கி வைத்தவர் மூன்றாவது தடவையாக எழுதுவார். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது மூன்று பேரா ஒருவரா என்று எப்படித் தெரியும்?

நீங்கள் சொல்லும் 24, அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து மூர் நகரம். 2013 மே 20. இறப்புக்குக் காரணம் என்ன என்று பரிசோதித்துச் சொல்லும் மாநில மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் முதலில் 51 பேர் என்றது. இன்னும் 40 உடல்கள் வரலாம் என்று அதே அலுவலகத்துக்குத் தகவல் வர, இரண்டையும் கூட்டி 91 என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. பொழுது விடிந்ததும் அதே அலுவலகம் 24 என்று திருத்தியது. குழப்பத்தில் சிலரை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். அந்த 24-இல் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். எண் குறைந்ததற்காக யாரும் நிம்மதிப்பட்ட மாதிரி இல்லை.

கென்டக்கியின் மேஃபீல்டில் நடந்தது வேறு மாதிரி. 2021 டிசம்பர் 10 ராத்திரி, மெழுகுவத்தித் தொழிற்சாலை ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே 110 பேர் இருந்தார்கள், நாற்பது பேரை மீட்டிருக்கிறோம் என்றார் ஆளுநர் ஆண்டி பெஷியர். கேட்டவர்கள் கழித்துப் பார்த்தார்கள்: எழுபது. ஆனால் அந்த எழுபதில் பெரும்பாலோர் தாங்களே வெளியே வந்து, இருட்டில் கிடைத்த வழியில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, தலை எண்ண வழியில்லை. தொழிற்சாலையில் இறந்தவர்கள் கடைசியில் ஒன்பது பேர். அந்த ஒரு டொர்னாடோ வந்த வழியெல்லாம் சேர்த்து 57. இங்கே யாரும் இரட்டை எண்ணிக்கை செய்யவில்லை. ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்பதை ‘இறந்துவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

அப்படியானால் சரியான எண் எப்படி வருகிறது? பெயர்ப் பட்டியலால். வேறு வழியே கிடையாது.

2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்து ஜாப்லின் நகரை டொர்னாடோ அடித்ததே, அதைப் பாருங்கள். ஆரம்பத்தில் 1,500 பேரைக் காணவில்லை என்று செய்தி. அந்த ஊரின் பெரிய மருத்துவமனையான செயின்ட் ஜான்ஸே அடிவாங்கி, அங்கிருந்த நோயாளிகளை வெவ்வேறு ஊர்களுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஆளை மகன் ஒரு பெயரிலும் தங்கை இன்னொரு எழுத்துக்கூட்டலிலும் காணவில்லை என்று பதிந்திருப்பார்கள். அவரோ பக்கத்து ஊரில் உறவினர் வீட்டில் இருப்பார். நான்கு நாளில் மாநில அரசு 232 பெயர்களை அப்படியே வெளியிட்டது. பட்டியலைப் பார்த்துவிட்டு, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சிலர் கூப்பிட்டுச் சொன்னார்கள். மீதிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிணவறையோடு பொருத்தினார்கள். பட்டியல் காலியாகும் வரை வேலை நடந்தது.

பிணவறைப் பக்கம் இன்னும் கஷ்டம். இந்த அளவு காற்றில் அடிபட்டவரை முகம் பார்த்து அடையாளம் சொல்வது நம்பகமானதல்ல. மண்ணும் மரத்தூளும் அப்பியிருக்கும், உடுப்பு இருக்காது. சொல்லவே சங்கடமான இன்னொன்று, உடல் முழுதாக இல்லாமலும் போகலாம். அப்போது இரண்டு பைகள் இரண்டு பேர் என்று ஆகிவிடும். அதனால் ஜாப்லினில் கைரேகை, பல் எக்ஸ்ரே, டிஎன்ஏ, பச்சை குத்திய தடம் என்று பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள். அப்பாவின் உடல் உள்ளே இருப்பது தெரிந்தும் காட்ட மாட்டேன் என்கிறார்களே என்று குடும்பங்கள் கொதித்தன. நியாயமான கோபம்தான். ஆனாலும் அதிகாரிகள் செய்தது சரி என்பது என் கருத்து. ஒரு குடும்பம் தவறான உடலை எடுத்துப்போனால் இன்னொரு குடும்பத்துக்குக் கடைசிவரை ஒன்றுமே கிடைக்காது.

சரி, பட்டியல் முடிந்ததும் ஒரே எண் கிடைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஜாப்லினுக்கு 158 என்றும் படிப்பீர்கள், 161 என்றும் படிப்பீர்கள். இரண்டுமே சரி. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை நேரடி மரணம், மறைமுக மரணம் என்று பிரித்து எழுதும். காற்றோ அது தூக்கி எறிந்த பொருளோ, இடிந்து விழுந்த சுவரோ கொன்றிருந்தால் நேரடி. மின்சாரம் போனதால் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டிப் புகையில் மூச்சடைத்தால் அது மறைமுகம். 158 நேரடி, கூடுதலாக வரும் மூன்று மறைமுகம்.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் தலைவலி. ஜாப்லினில் காயம்பட்டு உயிர்தப்பியவர்களில் 13 பேருக்கு மியூகார்மைகோசிஸ் வந்தது. கொரோனாவின்போது கறுப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டோமே, அந்த வகைதான். மண்ணும் மரச் சிம்புகளும் காயத்துக்குள் அழுந்திப் போனதில் பூஞ்சை நேராகச் சதைக்குள் இறங்கிவிட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். மீட்புக்கு வந்த வெளியூர்க் காவலர் ஒருவரை மறுநாள் மின்னல் தாக்கியது, சில நாள் கழித்து அவர் இறந்தார். அவர் டொர்னாடோ கணக்கா, மின்னல் கணக்கா? சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் எதை எழுதுகிறாரோ அதுதான் புள்ளிவிவரம்.

இந்த இடத்தில் சிலர் மரியா புயலை இழுப்பார்கள். 2017-இல் போர்ட்டோ ரிக்கோவில் அரசு சொன்னது 64; அடுத்த ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்து 2,975 ஆனது. வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த வருடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்க்கும் முறை அது. அதே முறையில் டொர்னாடோவுக்கும் மறைந்திருக்கும் எண்ணை வெளியே கொண்டுவரலாமே என்று கேட்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. மரியா ஒரு தீவு முழுக்க மாதக்கணக்கில் மின்சாரத்தையும் மருந்தையும் நிறுத்திவைத்தது. டொர்னாடோ ஒரு ஊரின் ஒரு பகுதியைச் சில நிமிடங்களில் துடைத்துவிட்டுப் போய்விடும். நாலு தெரு தள்ளி விளக்கு எரியும். அந்தச் சின்ன மக்கள்தொகையில், பிறகு நடக்கும் கூடுதல் மரணங்கள் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே கரைந்துவிடும்.

இனி சேதம். இதில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன, செய்தியில் இரண்டும் கலந்துவிடும். ஒன்று, காற்று எவ்வளவு வேகம் என்பது. டொர்னாடோவுக்குள் காற்றுமானியை வைத்து அளக்க முடியாது என்பதால், இடிந்ததைப் பார்த்து வேகத்தை ஊகிக்கிறார்கள். 2007 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கும் மேம்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலில் வீடு, பள்ளி, மின்கம்பம், மரம் என 28 வகைகள் உண்டு. சாதாரண வீடு என்றால் சேதத்துக்குப் பத்துப் படிகள். பத்தாவது படி, வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் மிச்சம். அதற்கு மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் 265 முதல் 355 வரை கூட்டிக் குறைக்கலாம். எப்படித் தீர்மானிப்பது? ஆய்வுக்கு வருபவர் அந்தத் தளத்தின் ஓரத்தில் குனிந்து, சுவரின் அடிச்சட்டம் எதால் பிடிக்கப்பட்டிருந்தது என்று பார்ப்பார். தளத்திலிருந்து போல்ட்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா, நட்டும் வாஷரும் போட்டிருந்தார்களா, இல்லை வெறும் ஆணியா? ஆணி என்றால் வீடு குறைந்த காற்றிலேயே போயிருக்கும், மதிப்பெண்ணும் குறையும். கட்டியவர் சிக்கனம் பார்த்தால் டொர்னாடோவின் தரமே இறங்கிவிடும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. 2013 மே 31-இல் எல் ரீனோ டொர்னாடோ நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலம், நகரும் ரேடார் மணிக்கு 480 கிலோமீட்டர் அளவில் காற்றைப் பார்த்தது. பெரும்பாலும் வயல்வெளியில் போனதால், ஐந்து வரை போகும் அளவுகோலில் அதற்குக் கிடைத்தது மூன்றுதான்.

இன்னொன்று பணக் கணக்கு. முதல் சில நாள் வரும் கோடிகள், பட்டைக்குள் எத்தனை கட்டடங்கள், ஒவ்வொன்றும் என்ன மதிப்பு, எவ்வளவு சதவீதம் போயிருக்கும் என்று கணினி போட்ட பெருக்கல். அதற்குப் பின்னால் ஆட்கள் மெதுவாக வண்டியில் போய், வீடு வீடாக ‘முழு நாசம், பெரும் சேதம், சிறு சேதம், பாதிப்பு’ என்று குறிப்பார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் உண்மையில் கொடுத்த தொகை வர மாதங்கள் ஆகும், காப்பீடே எடுக்காதவரின் இழப்பு அதில் சேராது. ஜாப்லினில் சேதமான வீடுகள் ஏறக்குறைய 7,500, வியாபாரக் கட்டடங்கள் 553, தொகை சுமார் 280 கோடி டாலர். இதை எல்லாக் காலத்திலும் மிக அதிகச் சேதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 1896-இல் செயின்ட் லூயிஸை அடித்த டொர்னாடோவின் சேதத்தை, விலைவாசியையும் நாட்டின் செல்வம் பெருகியதையும் சேர்த்து 1997-ஆம் ஆண்டு மதிப்புக்கு மாற்றினால் சுமார் 290 கோடி டாலர் வருகிறது என்று வானிலை ஆய்வாளர்கள் புரூக்ஸும் டாஸ்வெல்லும் 2001-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இனி, மறைக்கிறார்களா என்ற கேள்வி. பெயர்களை வெளியிட்டுவிட்ட ஊரில் மறைப்பது கஷ்டம். என் அண்ணன் பட்டியலில் இல்லையே என்று கேட்க ஒருவர் போதும். யாரும் பெயரே எழுதாத இடத்தில்தான் எண் காணாமல் போகிறது. 1840-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ் ஊரில் 317 பேர் இறந்ததாகப் பதிவு. அதில் 269 பேர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள், கரையில் 48 பேர்தான். சுற்றிலும் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் சாவை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. 1936-இல் டூபெலோவில் 216 என்கிறார்கள். அந்தக் கணக்கிலும் கறுப்பின மக்கள் சரியாகச் சேர்க்கப்படவில்லை. இதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. அவர்களை எண்ண வேண்டும் என்று கணக்கெடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

உலகிலேயே அதிக உயிரைக் குடித்ததாக உலக வானிலை அமைப்பு 2017-இல் அறிவித்தது வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளை 1989 ஏப்ரல் 26 அன்று அடித்த டொர்னாடோவை. இறந்தவர்கள் 1,300, காயம்பட்டவர்கள் 12,000, வீடிழந்தவர்கள் 80,000. எல்லாமே பூஜ்யத்தில் முடிவதைக் கவனித்தீர்களா? பெயர்களைக் கூட்டி வந்த எண் இப்படி இருக்காது. அதனால் எங்கள் மேசைக்கு 1989 வந்தால் ‘சுமார்’ இல்லாமல் நான் விடுவதில்லை. ஜாப்லினுக்கு யாராவது ‘சுமார் 158’ என்று எழுதி வந்தால் அந்தச் ‘சுமாரை’ வெட்டிவிடுவேன்.