பாசிசம் முதலில் கொளுத்தியது எதை?

கேள்வி: பாசிசம் என்பது நெருக்கடியில் மாட்டிக்கொண்ட முதலாளிகள் ஏவிவிட்ட அடியாள் படை. அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மார்க்சும் லெனினும் போதும். நீங்களோ இதழுக்கு இதழ் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கிராம்சி, பண்பாட்டு மேலாதிக்கம் (ஆள்பவர்களின் எண்ணத்தை மக்கள் தாமே ஏற்கும்படி ஆக்குவது) என்று பக்கத்தை நிரப்புகிறீர்கள். பட்டினி கிடப்பவனிடம் பண்பாடு பேசுவது வர்க்கப் போராட்டத்தைக் கைகழுவுவது ஆகாதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அடியாள் படை என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அவர்களுக்குக் கூலி கொடுத்தது யார் என்பதிலும் இல்லை. ஆனால் ஏவப்பட்ட அடியாள் யார் வீட்டுக்குப் போனான், எதை உடைத்தான் என்று பார்க்க வேண்டாமா? பார்த்திருந்தால் கேள்வியின் கடைசி வரியை நீங்களே அடித்திருப்பீர்கள்.

முசோலினி 1919 மார்ச் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் தன் பாசிஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 15இல், பாசிஸ்டுகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் சூறையாடிக் கொளுத்தியது சோசலிஸ்ட் கட்சியின் ‘அவந்தி’ நாளேட்டு அலுவலகத்தை. 1914 அக்டோபர் வரை அந்த ஏட்டின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இதே முசோலினிதான். எங்கே அடித்தால் வலிக்கும் என்று உள்ளேயிருந்து தெரிந்துகொண்ட ஆள். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. சோசலிஸ்டுகளோ 156 இடங்களுடன் நாடாளுமன்றத்தின் பெரிய கட்சி. மூன்றே ஆண்டில் ஓரிடமும் இல்லாதவர் பிரதமர்.

இடையில் நடந்ததைப் பார்க்க வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளிக்குப் போக வேண்டும். பொலோஞா, ஃபெராரா பக்கத்துப் பண்ணைகளில் எத்தனை ஆளை வேலைக்கு வைக்க வேண்டும், யாரை அனுப்புவது என்பதை அப்போது கூலி விவசாயிகள் சங்கமே முடிவு செய்தது. 1920இல் மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்துக்குப் பிறகு, அக்டோபர் கடைசியில் பொலோஞா பண்ணையார்கள் இறங்கி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 21 அன்று நகர மண்டபத்தில் புதிய சோசலிஸ்ட் மேயர் பொறுப்பேற்கும்போது பாசிஸ்டுகள் தாக்கினார்கள், பிணங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு இரவுதோறும் லாரிகள் கிராமங்களுக்குள் இறங்கின. கறுப்புச் சட்டை (நம்மூர்க் கறுப்புச் சட்டையோடு யாரும் போட்டுக் குழப்ப வேண்டாம்), கையில் தடி, கூடவே விளக்கெண்ணெய். சங்கத் தலைவரைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றி ஊர் பார்க்க விட்டுவிடுவார்கள். அடித்தால் தியாகி ஆகிவிடுவான். இப்படிச் செய்தால் மறுநாள் மேடையேறக் கூசுவான். போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது.

1921ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் அழிக்கப்பட்டவற்றை, இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆஞ்செலோ தாஸ்கா பிற்பாடு பட்டியலிட்டார். தொழிலாளர் மன்றங்கள் 119. கூட்டுறவுகள் 107. விவசாயச் சங்கங்கள் 83. மக்கள் இல்லங்கள் 59. பத்திரிகை அலுவலகங்களும் அச்சகங்களும் 17. பண்பாட்டு வட்டங்கள் 100. நூலகங்களும் நாடக அரங்குகளும் 10. மக்கள் பல்கலைக்கழகம் ஒன்று. பட்டியல் இன்னும் நீளும்.

மக்கள் இல்லம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மூர்ப் படிப்பகம், பண்டகசாலை, சங்க அலுவலகம், டீக்கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே மலிவு விலைக் கடை, பக்கத்தில் ஒயின் குடிக்கும் இடம், மாடியில் சங்கம், ஓர் அறையில் பேண்டு வாத்தியப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நடனம். கூலி உயர்வு பேசியதும் அங்கேதான், புத்தகம் இரவல் வாங்கியதும் அங்கேதான். ரொட்டி வேறு, படிப்பு வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். பண்ணையாரின் அடியாள் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே தீ வைத்தான்.

இனி கிராம்சிக்கு வருவோம். அவரைக் குடைந்த கேள்வி, பாசிஸ்டுகள் ஏன் இவ்வளவு கொடூரமானவர்கள் என்பதல்ல. இத்தனை பெரிய தொழிலாளர் இயக்கம் எரிந்தபோது மிச்சமுள்ள இத்தாலி ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பதுதான். 1920 செப்டம்பரில் ஐந்து லட்சம் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி உட்கார்ந்திருந்த நாடு அது. அதே ஆண்டின் வசந்தத்தில் டூரின் ஃபியட் ஆலை ஒன்றில், போர்க்காலத்து வழக்கப்படி ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த கடிகார முள்ளைத் தொழிலாளர்கள் பின்னே திருப்பி வைத்தார்கள். நேரம் யாருடையது என்று தொடங்கிய சண்டை, டூரின் இருக்கும் பீட்மாண்ட் பகுதி முழுவதும் பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. ஆனால் பிற பகுதிகளின் சோசலிஸ்ட் தலைமை கைகொடுக்கவில்லை. டூரின் தனியாக நின்று தோற்றது. துணிச்சலுக்குப் பஞ்சமில்லாத ஊர். பஞ்சம் வேறு இடத்தில் இருந்தது.

எங்கே என்பதற்கு கிராம்சி 1926இல் தென்பகுதிப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1919இல் டூரின் தொழிலாளர்களை அடக்க சாசாரி படைப்பிரிவை அனுப்பினார்கள். சார்டீனியத் தீவின் ஏழை விவசாய வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த படை. கிராம்சியும் அந்தத் தீவுக்காரர்தான். டூரினில் தோல் பதனிடும் வேலை பார்த்த ஒரு சார்டீனியர், வந்திறங்கிய ஒரு சிப்பாயிடம் பேச்சுக் கொடுக்கிறார். எதற்கு வந்தாய்? வேலைநிறுத்தம் செய்கிற கனவான்களைச் சுட. அவர்கள் கனவான்கள் இல்லையப்பா, ஏழைத் தொழிலாளிகள். இல்லை, இங்கே எல்லோரும் கனவான்கள்தான். காலரும் டையும் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு 30 லீரா வாங்குகிறார்கள். ஏழை என்ன உடுத்துவான் என்று எனக்குத் தெரியாதா, ஊரில் மண்வெட்டி பிடித்த எங்களுக்கு ஒன்றரை லீராதான். சரி, நானும் தொழிலாளிதானே, ஏழைதானே? நீ ஏழையாக இருப்பது சார்டீனியன் என்பதால், என்கிறான் சிப்பாய்.

இந்தச் சிப்பாயை எந்த முதலாளியும் விலைக்கு வாங்கவில்லை. அவன் முட்டாளும் இல்லை. முப்பதுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது நீங்கள் சொல்கிற வயிற்றுக் கணக்கை, சரியாகவே போட்டிருக்கிறான். கணக்கு சரி, துப்பாக்கி மட்டும் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது. திருப்பியது எது? ஊர்ப் பாதிரியார், பள்ளி வாத்தியார், வக்கீல், பட்டாளம், வடக்கத்தியான் தெற்கத்தியான் என்கிற பேச்சு, எல்லாம் சேர்ந்துதான். வடக்கிலும் இதே கதை. தெற்கத்தியான் பிறவியிலேயே சோம்பேறி, மட்டமானவன், நாட்டின் காலில் கட்டிய இரும்புக் குண்டு என்ற நினைப்பை வடக்குத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் சோசலிஸ்ட் கட்சிக்கே பெரும் பங்கு உண்டு என்று கிராம்சி அதே கட்டுரையில் எழுதுகிறார். கூலிக்குச் சங்கம் வைத்தவர்கள், அந்த நினைப்பை எதிர்த்து எதையும் வைக்கவில்லை.

டூரினிலிருந்த சார்டீனியத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சொந்த மொழியில், சொந்த ஊர்ப் பேச்சில் சிப்பாய்களிடம் பழகினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். ஜூலை 20, 21 பொது வேலைநிறுத்தத்துக்கு முன்பே படையை இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போனது அரசு. வர்க்கப் போராட்டத்தைக் கைகழுவுவது என்று நீங்கள் சொல்வது இந்த வேலையைத்தானா?

உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. கிராம்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில் ஒரு சாரார் உங்களைவிட மோசம். மேலாதிக்கம் என்றதும் அவர்களுக்கு டிவி, சினிமா, மூளைச்சலவை என்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். பத்து நல்ல படம் எடுத்தால் பாசிசம் ஓடிவிடும் என்கிற அளவுக்குப் பேசுவார்கள். வற்புறுத்தல் என்னும் கவசம் பூண்ட மேலாதிக்கம் என்று கிராம்சி எழுதியதில் கவசத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். போ சமவெளியில் சங்கத்தை உடைத்த கையோடு, கூலியாட்களை வேலைக்கு அனுப்பும் பொறுப்பைப் பாசிஸ்ட் சங்கமே எடுத்துக்கொண்டது. வேலை வேண்டுமா, எங்களிடம் அட்டை வாங்கு. முதலில் தடி, பிறகு அட்டை, பிறகு சில குத்தகைக்காரர்களுக்கு நிலம் தருவதாக ஆசை. ஒப்புதல் இப்படித்தான் விளைவிக்கப்பட்டது. 1922 அக்டோபர் 28இல் ரோமை நோக்கிப் படை நடத்தியபோதும், இராணுவச் சட்ட ஆணையில் கையெழுத்துப் போட மறுத்த மன்னர்தான் கதவைத் திறந்துவிட்டார். முசோலினி மிலானிலிருந்து ரயிலில் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

ஆட்சி கைக்கு வந்தபின் எரிந்த இடத்தைச் சும்மா விடவில்லை. 1925இல் ‘தோப்பொலவோரோ’ என்ற ஓய்வுநேர அமைப்பு வந்தது. மக்கள் இல்லங்கள் பலவற்றில் அதன் பலகை ஏறியது. அதே சீட்டாட்டம், அதே பேண்டு வாத்தியம், அதே ஒயின்; சுவரில் மட்டும் வேறு படம். 1931 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மலிவுக் கட்டண ரயில். பல தொழிலாளிகள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தது பாசிஸ்ட் கட்சியின் தயவில்தான். 1930களின் முடிவில் அதன் உறுப்பினர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். குழந்தைகளுக்கு 1926இல் ‘பலில்லா’ அமைப்பு. 1929இல் போப்பாண்டவரோடு உடன்படிக்கை. 1931இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் மறுத்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். மற்றவர்கள் பட்டினியால் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1931 மார்ச்சில் இந்தியாவிலிருந்து ஒருவர் ரோமுக்குப் போனார். இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சே. முசோலினியைச் சந்தித்தார். அவர் தேடிப்போய்ப் பார்த்து நாட்குறிப்பில் வியந்து எழுதியது உடற்பயிற்சிக் கழகங்களையும் பலில்லா சிறுவர் அணிகளையும் பற்றித்தான். திரும்பி வந்து 1937இல் நாசிக்கில் போன்சலா இராணுவப் பள்ளியைத் தொடங்கினார். எதைக் கொண்டுவந்தால் வேர்பிடிக்கும் என்று அவருக்குத் தெளிவாக இருந்தது. இத்தாலியில் 2024இல் பண்பாட்டு அமைச்சரான வலதுசாரி அலெஸ்ஸாந்த்ரோ ஜூலி, அதே ஆண்டு கிராம்சியைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நீங்கள் வேண்டாம் என்று தூக்கிப் போடுவதை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

‘மார்க்சும் லெனினும் போதும்’ என்று சொல்லி, நிலைமையைப் பார்க்க மறுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். 1928க்குப் பின், மாஸ்கோவிலிருந்து உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை வழிநடத்திய சர்வதேச கம்யூனிஸ்ட் அகிலம் சமூக ஜனநாயகவாதிகளையே ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று முத்திரை குத்தியது. 1932 நவம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நாஜிகளுக்கு 196 இடம், சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இருவரும் சேரவில்லை. முசோலினி ஆட்சி பிடித்துத் தூரி சிறையில் போட்டிருந்த கிராம்சி இந்தப் போக்கை ஏற்கவில்லை. அதற்காகச் சிறையிலிருந்த சொந்தத் தோழர்களில் சிலரே அவரிடமிருந்து விலகினார்கள். 20 ஆண்டுத் தண்டனை, நொறுங்கிக்கொண்டிருந்த உடம்பு, அதற்கு மேல் இதுவும்.

அவருடைய தோழர் தொலியாத்தி 1935இல் மாஸ்கோவில் இத்தாலியக் கம்யூனிஸ்டுகளுக்கு வகுப்பெடுத்தபோது, தோப்பொலவோரோவுக்குள் போகிற தொழிலாளியைத் துரோகி என்று திட்டுவதை நிறுத்துங்கள், நீங்களும் உள்ளே போங்கள் என்றார். தொழிலாளி எங்கே உட்காருகிறானோ அங்கேதான் வேலை. சிறுகச் சிறுகப் போனார்கள். 1943 மார்ச் 5 அன்று டூரின் ஃபியட் ஆலையில் இயந்திரங்கள் நின்றன. முசோலினி இன்னும் பதவியில் இருந்த காலம், வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றம். சில வாரத்தில் மிலான் வரை பரவி ஒரு லட்சம் பேருக்கு மேல் இறங்கிவிட்டார்கள். உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி: அவர்கள் முன்வைத்த முதல் கோரிக்கை, குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர்களுக்கு மட்டும் தந்த 192 மணிநேரக் கூலியை எல்லோருக்கும் தா என்பதுதான்.