நெஞ்சு வலித்தால் 'கேஸ்' (வாயு) என்று படுத்துவிடாதீர்கள்

தம்பி, நம் பாலக்காட்டு எல்லை வேலந்தாவளத்திலிருந்து சார்ஜாவுக்குப் பெயிண்டர் வேலைக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். போர்டு எழுதிய கை இங்கே வந்து ரோலர் பிடித்தே வீணாய்ப் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போகாது. உங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். ஃப்ளெக்ஸ் வந்து ஊரில் பிழைப்பு படுத்தபின் இங்கே வந்தவன். ஒரே பலகையில் மலையாளமும் தமிழும் எழுதினால் பலருக்கு ஏதாவது ஒன்று சொதப்பும். மலையாள உருட்டல் தமிழிலும் ஏறிவிடும். இவனுக்கு இரண்டும் தனித்தனியாக நிற்கும். சாக்பீஸ் கோடுகூடப் போடமாட்டான். 'ழ' எழுதும்போது பிரஷைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வாலை இறக்குவான், வண்ணம் எங்கும் திட்டாக நிற்காது. நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் எல்லார் பெட்டியிலும் அவன் எழுத்துதான். பக்கத்து அறைப் பாகிஸ்தான்காரர் காகிதத்தில் காட்டிக்கொடுக்க, உருதுவையும் பிடித்துவிட்டான். சூப்பர்வைசர் பார்த்து, சைன்போர்டு பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்த ஆர்டர் வருவதற்குள் ஆள் இறந்துபோனான். 28 வயது.

இரண்டு நாளாக இடது தோள் வலி. ரோலர் பிடித்த வலி என்று நினைத்திருக்கிறான். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி நெஞ்சு எரிகிறது என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தான், காலையில் எழவில்லை. மாரடைப்பு. கம்பெனியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். சம்பளம் பிடிக்கிற வழக்கத்தைப் பற்றி அதில் யாரும் பேசவில்லை.

அதனால் கலையை விட உடம்பைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்வேன். ஆம்புலன்ஸ் எண் 998. சார்ஜாவிலும் 2025 ஜனவரி முதல் கம்பெனி தொழிலாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அட்டையைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வையுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, அதுவும் சட்டம்.

உடலை அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. மரணச் சான்றிதழ், எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), பாஸ்போர்ட் ரத்து, இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, செலவு கம்பெனியுடையது. கோயம்புத்தூருக்கு நேர் விமானமும் இருக்கிறது. சிரமப்பட்டது அவன் அம்மாதான். பாக்கிச் சம்பளம் வாங்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று சித்தூர் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய வகை) என்றால் கிளம்பும் முன் பிரவாசி பாரதிய பீமா என்ற அரசுக் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும். 10 லட்சம் என்பார்கள். அது விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மாரடைப்புக்கு வராது. தனியாக ஒரு டேர்ம் பாலிசி, அதாவது எப்படி இறந்தாலும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு, போடுங்கள். வந்து 6 மாதம் ஆனதும் நோர்க்கா (வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசுத் துறை) அட்டைக்கு எழுதிப் போடுங்கள், கேரளத்துத் தமிழர் நமக்கும் கிடைக்கும். நாமினி பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். இவன் அம்மா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, இவன் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்யவே மாசக்கணக்கில் இழுத்தது.