கொரோனா காலத்தில் எடுத்த இ.இ.ஜி. 'நார்மல்': அதை நம்பலாமா?

கேள்வி: 2020-ல் என் மகளுக்கு ஏழு வயது. பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென்று சில விநாடிகள் வெறித்துப் பார்ப்பாள். தொட்டாலும் திரும்ப மாட்டாள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். கொரோனாவால் பல மாதம் தள்ளிப்போய், கடைசியில் எடுத்தபோது 'நார்மல்' என்றார்கள். இன்னமும் அப்படி நடக்கிறது. வேறொரு டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார். அன்று எடுத்தது வீணா?

பதில்: வீண் இல்லை. ஆனால் அது அரைகுறைப் பரிசோதனையாக இருந்திருக்கலாம். பழைய ரிப்போர்ட்டில் ஆழ்ந்து மூச்சு விடவைத்தார்களா என்று முதலில் பாருங்கள்.

வழக்கமான இ.இ.ஜி. 20 முதல் 30 நிமிடம் ஓடும். அதற்குள் மூன்று நிமிடம் குழந்தையை வேகமாக, ஆழமாக மூச்சு இழுத்துவிடச் சொல்வோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும்போது, 'அப்சன்ஸ்' வகை வலிப்பு (கை கால் துடிக்காமல், சில விநாடிகள் நினைவு மட்டும் தப்பும் வலிப்பு) இருந்தால் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும். மருந்து தொடங்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித் தெரியும். நீங்கள் சொல்லும் வெறித்த பார்வை எனக்கு இந்த வகையைத்தான் நினைவூட்டுகிறது. சும்மா யோசனையில் இருக்கும் குழந்தை, தொட்டால் திரும்பிவிடும்.

தொற்றுக் காலத்தில் பல மருத்துவமனைகள் இந்த மூச்சுப் பயிற்சியைத்தான் முதலில் நிறுத்தின. டெக்னீஷியன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, நோயாளி மூன்று நிமிடம் பலமாக மூச்சு விட்டால் கிருமி பரவாதா? நிறுத்தியது சரிதான். ஆனால் அதை ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும், பெற்றோரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

தள்ளிப்போனதற்கும் காரணம் உண்டு. மின் அலைகளைப் பிடிக்கும் சிறு தகடுகளான எலக்ட்ரோடுகள் சுமார் இருபதை தலையை அளந்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். தள்ளி நின்று செய்யும் வேலை இல்லை அது. ஒருவருக்கு எடுத்த பிறகு அறையையும் கருவியையும் சுத்தம் செய்யாமல் அடுத்தவரைக் கூப்பிட முடியாது. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருப்பவருக்கு மூளைக்குள் வலிப்பு ஓடினாலும் கை கால் துடிக்காமல் போகலாம். அதைக் காட்ட இ.இ.ஜி.யை விட்டால் வேறு வழியில்லை. அவர்களுக்கு முன்னுரிமை கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். அங்கேயும் குறைந்த எலக்ட்ரோடுகள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகை, வேறிடத்திலிருந்து பதிவைப் படிக்கும் டாக்டர் என்று பல இடங்களில் சமாளித்தார்கள். ஆரம்ப வாரங்களின் நிறுத்தம் நியாயம். யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்று பிரித்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் எல்லோரையும் நிறுத்திவைத்த இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது என்ன செய்வது? புது டாக்டர் சொல்வது சரி, மறுபடியும் எடுங்கள். மூச்சுப் பயிற்சி, விட்டுவிட்டு மின்னும் ஒளி இரண்டும் இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். முந்தைய இரவு தூக்கத்தைக் குறைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது மூச்சுப் பயிற்சியைத் தவிர்ப்பார்கள். அப்புறம், அடுத்தமுறை வெறிக்கும்போது முகமும் கைகளும் தெரியும்படி மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். தொற்றுக் காலத்தில் பரிசோதனை கிடைக்காதபோது எங்களுக்குப் பெரிதும் உதவியது இத்தகைய வீடியோக்கள்தான்.

இ.இ.ஜி. மறுபடியும் நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவாகாது. நேரம் கூட்டி, தூங்கும்போதும் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். அதுவரை தனியாக நீந்தவோ, போக்குவரத்து உள்ள சாலையில் சைக்கிள் ஓட்டவோ அனுப்பாதீர்கள். எந்த வலிப்பும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.